வாரக் கணக்கும் நாள் கணக்கும்: கருக்கலைப்புச் சட்டம் பற்றி நம் கடற்கரை ஊர்கள் அறிய வேண்டியவை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களை நம் வட்டாரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று தாமிரபரணியின் கடைமடை முழுவதும் நீரில் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோனது. விமானப்படை ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார்.

அந்த வாரத்தில் சாலையும் தொலைபேசியும் மின்சாரமும் இல்லாமல் வீடுகளில் அடைபட்ட கர்ப்பிணிகள் எத்தனையோ பேர். பிரசவ நாள் நெருங்கியவர்களைப் பற்றி நாம் கவலைப்பட்டோம். நியாயம்தான். ஆனால் ஸ்கேனில் கோளாறு என்று சொல்லப்பட்டு மேல் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருந்தவர், இதய நோயால் கர்ப்பத்தைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்கவிருந்தவர் போன்றவர்களுக்கு ஒரு வாரம் கழிவது என்பது வெறும் தாமதம் அல்ல. சட்டத்திலும் மார்க்கத்திலும் அவர்களுக்கு இருந்த வாசல் சாத்தப்படும் நேரம் அது.

பேரிடரில் சிக்கிய கர்ப்பிணியையும் நம் நாட்டுச் சட்டம் தனியே நினைத்துப் பார்த்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பொதுவாகவே கருக்கலைப்பு பற்றிய சட்டம் நம்மிடையே இரண்டு விதமாகத்தான் பேசப்படுகிறது. ஒன்று, 'அது குற்றம், போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பயம். மற்றொன்று, 'மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் முடிந்தது' என்ற அலட்சியம். இரண்டுமே தவறு. இரண்டுக்கும் விலை கொடுப்பவர்கள் பெண்கள்.

சட்டம் சொல்வது என்ன?

1964இல் மத்திய அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு 1966இல் தந்த அறிக்கையின் அடிப்படையில் உருவானது, மருத்துவ ரீதியான கருக்கலைப்புச் சட்டம், 1971. கள்ளத்தனமாக நடந்த கருக்கலைப்புகளில் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். 2021இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. இன்றைய நிலை இதுதான்:

20 வாரம் வரை பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதுவும் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டும். 24 வாரத்துக்கு மேல், கருவில் கடுமையான கோளாறு இருப்பதாக அரசு அமைத்த மருத்துவ வாரியம் உறுதி செய்தால் மட்டுமே அனுமதி. மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் ஆகியோர் அந்த வாரியத்தில் இருப்பார்கள். விண்ணப்பம் வந்த மூன்று நாட்களுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2021 விதிகள் கூறுகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதிவிலக்கு உண்டு. உடனே செய்யாவிட்டால் தாயின் உயிர் போய்விடும் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால், வார வரம்பும் கிடையாது, இரண்டாவது மருத்துவரின் கருத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. சட்டத்தின் 5ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கேட்டவுடன் கலைத்துக் கொடுக்கும்' சட்டம் அல்ல இது. தாயின் உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் பாதிப்பு, குழந்தைக்குக் கடுமையான கோளாறு ஏற்படும் வாய்ப்பு ஆகிய காரணங்களில் ஒன்று இருப்பதாக மருத்துவர் கருத வேண்டும். வன்கொடுமையால் உண்டான கர்ப்பம் மனநலத்துக்குக் கடும் பாதிப்பாகவே கொள்ளப்படும். 20 வாரம் வரையிலான கர்ப்பத்தில், கருத்தடை முறை தோற்றுப்போனதும் அப்படியே கருதப்படும். பெண் வாழும் சூழ்நிலையையும் மருத்துவர் கணக்கில் எடுக்கலாம்.

20 முதல் 24 வாரம்: யார் யாருக்கு?

விதி 3பி ஏழு பிரிவினரைப் பட்டியலிடுகிறது: பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்திலேயே விதவையானவர்கள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்கள், கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், கருவில் கடுமையான கோளாறு கண்டறியப்பட்டவர்கள், அரசு அறிவித்த பேரிடர் அல்லது அவசரநிலையில் சிக்கியவர்கள்.

கடைசிப் பிரிவைப் படிக்கும்போது நம் டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வருகிறதல்லவா? புயலும் வெள்ளமும் அடிக்கடி வரும் இந்தக் கடற்கரைக்கு அது வெறும் ஏட்டுச் சொல் அல்ல.

2022 செப்டம்பர் 29இல் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, மணமானவர், மணமாகாதவர் என்று இந்த விதியில் பாகுபாடு காட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. கணவனே பலவந்தம் செய்திருந்தாலும் இச்சட்டத்தின் நோக்கத்துக்கு அது வன்கொடுமையாகவே கருதப்படும் என்றும் கூறியது.

கணவரின் கையெழுத்து வேண்டுமா?

வேண்டியதில்லை. 18 வயது நிரம்பிய, மனநலத்தோடு உள்ள பெண்ணின் எழுத்துப்பூர்வமான சம்மதம் மட்டும் போதும். 18 வயதுக்குக் கீழ் என்றாலோ மனநல பாதிப்பு இருந்தாலோதான் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் 'கணவரைக் கூட்டி வா' என்று திருப்பி அனுப்புவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் சட்டம் அதைக் கேட்கவில்லை.

நம் ஊர்களில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. துபாய், சவூதி, கொழும்பு, ஹாங்காங் என்று பிழைக்கப் போன கணவன்மார்களின் மனைவியர் தாய் வீட்டில் வாழும் ஊர்கள் இவை. உதிரப்போக்கோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் பெண்ணிடம் வெளிநாட்டில் இருக்கும் கணவரின் கையெழுத்தைக் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்! கணவன் மனைவி கலந்து பேசி முடிவெடுப்பது நல்ல குடும்பத்தின் அழகு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கலந்து பேசுவது வேறு, கையெழுத்து வராதவரை சிகிச்சை இல்லை என்பது வேறு.

இரகசியம் காப்பதும் சட்டப்படி கட்டாயம். பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டவர் தவிர வேறு யாரிடமும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மருத்துவமனையில் வேலை பார்க்கும் உறவுக்காரர் வழியாக ஊர் முழுக்கச் செய்தி போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் மறைவான வழிகளைத் தேடுகிறார்கள். அப்படிச் செய்தி போனால் குற்றவாளி அந்தப் பெண் அல்ல.

இச்சட்டத்துக்கு வெளியே நடக்கும் கருக்கலைப்பு இன்றும் குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88 முதல் 92 வரையுள்ள பிரிவுகள் இதைக் கூறுகின்றன. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்யாத கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரை சிறை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவார். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைத்தால் ஆயுள் தண்டனை வரை போகும். மாமியார் வீட்டு வற்புறுத்தலில் மாத்திரை கொடுப்பவர்கள் இந்தக் கடைசி வரியை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை என்னும் குறுக்கு வழி

2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, 2015இல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டது. அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை மூலம் நடந்தவை. அதாவது நான்கில் ஏறத்தாழ மூன்று, எந்த மருத்துவரின் பதிவேட்டிலும் இல்லாதவை.

மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகிய இரு மாத்திரைகளும் சரியான நேரத்தில் சரியான அளவில் கொடுக்கப்பட்டால் பாதுகாப்பானவை. இந்திய விதிகள் இம்முறையை 9 வாரம் வரை, பதிவு பெற்ற மருத்துவரின் பரிந்துரையோடு அனுமதிக்கின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் விற்பது சட்டவிரோதம்.

ஆபத்து எங்கே வருகிறது? முதலாவது, வாரக் கணக்கைத் தவறாகப் போட்டு 12, 14 வாரத்தில் விழுங்குவது. அப்போது முழுமையாகக் கலையாமல் தொடர் உதிரப்போக்கும் கிருமித் தொற்றும் வரலாம். இரண்டாவது, கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருப்பது. மாத்திரை அதைக் கலைக்காது. ஆனால் மாத்திரையால் வரும் உதிரத்தைப் பார்த்து 'கலைந்துவிட்டது' என்று நினைத்திருக்கும்போதே குழாய் வெடித்து உயிர் போகலாம். மூன்றாவது, கடும் இரத்தசோகை உள்ளவர்கள். இவையெல்லாம் ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியவை. ஆர்.எச். நெகட்டிவ் இரத்தப் பிரிவு உள்ளவர்கள் அதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், தாங்க முடியாத வயிற்றுவலியோ துர்நாற்றமோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கலைந்த பிறகு வரும் சிக்கலுக்குச் சிகிச்சை பெறுவது எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல. 'போலீஸ் வரும்' என்று பயந்து வீட்டிலேயே கிடந்து உயிரை இழப்பதைவிடப் பெரிய இழப்பு வேறு என்ன?

மார்க்கத்தின் பார்வை

வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற திருமறையின் கட்டளை (6:151, 17:31) நம் எல்லோருக்கும் தெரியும். கருவில் உயிர் ஊதப்படுவது பற்றிய இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதன் அடிப்படையில் 120 நாட்களில் ரூஹ் ஊதப்படுகிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள மற்றோர் அறிவிப்பை வைத்து, 40 நாட்களை ஒட்டிய காலத்தையே முக்கியமான எல்லையாகக் கொள்வோரும் உண்டு.

120 நாட்களுக்குப் பிறகு, தாயின் உயிருக்கு ஆபத்து என்ற ஒரு காரணத்தைத் தவிர, கலைப்பதற்கு அனுமதி இல்லை. இதில் மத்ஹபுகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. அதற்கு முந்தைய காலத்தில்தான் கருத்து வேறுபாடு. மாலிகி அறிஞர்களில் பெரும்பாலோர் கரு உண்டானது முதலே தடுக்கிறார்கள். ஹனஃபிகளில் ஒரு சாரார் தக்க காரணம் இருந்தால் அனுமதிக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இரு கருத்துகளும் உள்ளன. கரு வளர வளரக் குற்றமும் வளர்கிறது என்ற இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் விளக்கம் இஹ்யாவில் உள்ளது.

இன்றைய மருத்துவத்தை முன்வைத்து, ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் கீழ் மக்காவில் இயங்கும் ஃபிக்ஹ் பேரவை 1990இல் ஒரு முடிவை வெளியிட்டது. 120 நாட்களுக்கு முன்பு, சிகிச்சை இல்லாத கடுமையான கோளாறு கருவுக்கு இருப்பதாக நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்து, பெற்றோரும் கேட்டால் கலைக்கலாம். அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே என்பது அதன் சாரம். ஈரானின் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் நான்கு மாதம் என்ற இதே எல்லையை ஒட்டியே எழுதப்பட்டது. துனீசியா 1973லேயே முதல் மூன்று மாதங்களுக்குள் பெண்ணின் கோரிக்கையின் பேரில் அனுமதித்தது. முஸ்லிம் நாடுகள் அனைத்தும் ஒரே நிலையில் இல்லை என்பதற்கு இவை சான்று.

ஆக, 24 வாரம் வரை சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு 24 வாரம் அவகாசம் இருப்பதாக ஆகாது. அதே போல, மார்க்கம் தடுக்கிறது என்று பொதுவாகச் சொல்லி, மார்க்கமே வழிவிட்டிருக்கும் நிலையில் ஒரு தாயைச் சாகவிடவும் கூடாது.

இரண்டு கணக்குகள்

இங்கேதான் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. மருத்துவரும் சட்டமும் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஃபிக்ஹ் நூல்களின் 120 நாள் கரு உண்டானதிலிருந்து எண்ணப்படுவது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வாரம் வித்தியாசம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி மாதவிடாய் ஜனவரி 1இல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். கரு உண்டானது ஏறத்தாழ ஜனவரி 15. மாத்திரை முறைக்கான 9 வாரம் மார்ச் 5இல் முடிகிறது. 120 நாட்கள் மே 15இல் முடிகின்றன. மருத்துவர் கணக்கில் அது 19 வாரமும் ஒரு நாளும். சட்டத்தின் 20 வாரம் மே 21இலும், 24 வாரம் ஜூன் 18இலும் முடிகின்றன.

இப்போது கருவின் உறுப்புகளை முழுமையாகப் பார்க்கும் ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். அது எடுக்கப்படுவது பொதுவாக 18 முதல் 20 வாரத்துக்குள். இதே கணக்கில் மே 7 முதல் மே 21 வரை. மே 7 அன்றே எடுத்தால், கோளாறு தெரிந்து, இரண்டாவது மருத்துவரிடம் காட்டி, ஆலிமிடம் கேட்டு, குடும்பம் முடிவெடுக்க எட்டு நாள் இருக்கிறது. 'அடுத்த வாரம் பார்க்கலாம், வாப்பா ஊருக்கு வரட்டும்' என்று தள்ளி மே 20இல் எடுத்தால் சட்டத்தின் வாசல் திறந்திருக்கும், ஆனால் மார்க்கத்தின் வாசல் மூடியிருக்கும். ஒரு வெள்ளமோ ஒரு புயலோ வந்தால் அந்த எட்டு நாளும் போய்விடும்.

ஆகவே ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். அதைவிட முக்கியம், 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் முதல் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். சில பெரிய கோளாறுகள் அப்போதே தெரிந்துவிடும். முடிவெடுக்க ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும். மருத்துவரிடம் கேட்கும்போது 'எத்தனை வாரம்' என்றும், ஆலிமிடம் கேட்கும்போது 'கரு உண்டாகி எத்தனை நாள்' என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். 19 வாரம் என்று மருத்துவர் சொன்னதை அப்படியே 133 நாள் என்று ஆலிமிடம் சொன்னால் பதிலே மாறிவிடும்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு 2023 அக்டோபர் வழக்கு ஓர் உதாரணம். இரு குழந்தைகளின் தாய் ஒருவர், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை என்றே நினைத்திருந்தார். மூன்றாவது கர்ப்பம் தெரிந்தபோது 24 வாரம் கடந்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் முதலில் அனுமதித்தார்கள். பிறகு அவர்களிடையே கருத்து வேறுபாடு வந்தது. இறுதியில் அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, 26 வாரம் கடந்த கருவுக்குக் கோளாறும் இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்று மறுத்துவிட்டது. பால் கொடுக்கும் காலத்திலும் கரு தரிக்கும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் இளம் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தலாக், விதவை, சிறுமி

கர்ப்ப காலத்தில் தலாக் ஆனவருக்கும் விதவையானவருக்கும் 24 வாரம் வரை சட்டம் வழிவிடுகிறது. மார்க்கமோ கர்ப்பிணியின் இத்தாவைப் பிரசவம் வரை நீட்டித்திருக்கிறது. தலாக் சொன்னவர் அதுவரை அவளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறது (65:6). மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இத்தகைய பெண் கலைப்பு பற்றிக் கேட்டு வந்தால், 'பாவம்' என்று சொல்வதற்கு முன் ஜமாஅத்தார் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: அவளுக்குச் சேர வேண்டிய செலவை வாங்கிக் கொடுத்தோமா? பிறக்கும் பிள்ளையை யார் பார்ப்பது என்று பேசி முடித்தோமா? ஆதரவற்று நிற்பவளிடம் சட்டம் மட்டும் பேசுவது நியாயம் ஆகாது.

18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமானால், அவள் நிகாஹ் ஆனவளாகவே இருந்தாலும், போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. இந்தப் பயத்தாலேயே சிறுமிகள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படாமல் மறைக்கப்படுகிறார்கள். சிறுமியோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிடாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்று மேற்சொன்ன 2022 தீர்ப்பு வழிகாட்டியிருக்கிறது. அவளுக்குக் கொடுமை இழைக்கப்பட்டிருந்தால், மறைப்பது கொடியவனைத்தான் காப்பாற்றும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இதற்காகவே உள்ளன.

பெண் சிசு

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிவதும் அறிவிப்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டாலே மூன்றாண்டு வரை சிறை. பெண் பிள்ளையைப் புதைத்த அறியாமைக் காலத்தைப் பற்றிய இறைவசனங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே நிகாஹ் செய்ய வேண்டும் என்ற வழக்கம் நம் கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு பெற்றோரின் தோளிலும் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதும் பெண் என்றால் முகம் சுளிக்கும் வீடுகள் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? அந்தப் பாரத்தைக் குறைக்காமல் கருவைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு.

எங்கே போவது, என்ன கேட்பது?

அரசு மருத்துவமனைகள் இச்சட்டப்படி அனுமதி பெற்ற இடங்களே. தனியார் மருத்துவமனை என்றால் மாவட்டக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தில் சிக்கலான நிலைகளுக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், அதற்கும் மேல் என்றால் திருநெல்வேலிக்கும் போகிறோம். காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கே சுமார் 30 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒரு மணி நேரம். மழை நாளில் சொல்ல முடியாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மருத்துவத் தேதிகளை முன்கூட்டியே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கோ காப்பர்-டி வைத்துக்கொள்ளவோ சம்மதித்தால்தான் கருக்கலைப்பு செய்வோம் என்று யாராவது நிபந்தனை வைத்தால், அத்தகைய நிபந்தனை சட்டத்தில் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆலோசனை சொல்வது அவர்கள் கடமை, கட்டாயப்படுத்துவது உரிமை அல்ல. மருத்துவத் தகவலுக்கு 104ஐ அழைக்கலாம். நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலை வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை நாடலாம். உதவி எண் 15100. நம் மாவட்ட வழக்குகளை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரிக்கிறது.

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். நம் முன்னோர் முத்தும் சங்கும் கருவாடும் கொண்டு வணிகம் செய்த அதே கரை. அங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி. வன்கொடுமைக்கும் கடும் கோளாறுக்கும் அனுமதிக்கலாம் என்று 2017இல் எழுந்த முயற்சி சமயத் தலைமைகளின் எதிர்ப்பால் நின்றுபோனது. சட்டம் இறுக்கமாக இருப்பதால் கருக்கலைப்பு அங்கே நின்றுவிடவில்லை, மறைவிடங்களுக்குப் போய்விட்டது. இங்கே சட்டம் வழிவிட்டும், அறியாமையாலும் வெட்கத்தாலும் நாமே மறைவிடங்களைத் தேடிப் போகிறோம். இரு கரையிலும் முடிவு ஒன்றாகிவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

இது குடும்பத்துக்குள் முடிக்க வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெண்கள் தைக்காக்களில் நடக்கும் வாராந்திர மஜ்லிஸ்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது பெண் மருத்துவர் ஒருவரையும், இந்தச் சட்டங்கள் அறிந்த ஆலிமா ஒருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேள்வி பதில் நடத்தலாம். நிகாஹ் பதிவு செய்யும்போதே புதுமணத் தம்பதிக்கு, முதல் ஸ்கேன் எப்போது, இரண்டாவது எப்போது, குழந்தைகளுக்கிடையே இடைவெளி விட ஆகுமான வழிகள் எவை என்று ஒரு பக்கத் தாள் கொடுக்கலாம். கலைக்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆலிம்களிடம் ஒரு வேண்டுகோள்: இப்படியொரு கேள்வி வந்தால், மருத்துவ அறிக்கையை வாங்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடமே பேசுங்கள், அதன்பின் அன்றே பதில் சொல்லுங்கள். 'அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு வாருங்கள்' என்பது, மேலே பார்த்த கணக்கின்படி, எட்டு நாளில் ஏழு நாளைத் தின்றுவிடும்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித இனம் முழுவதையும் வாழ வைத்தவர் போல என்பது நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் போதனை. அந்த உயிர்களில் தாயின் உயிரும் ஒன்று. கருவில் இருக்கும் பிள்ளைக்காகப் பேசும் நாம், அதைச் சுமந்து நிற்பவளுக்குச் சரியான தகவலையும் சரியான நேரத்தில் வைத்தியத்தையும் கண்ணியத்தையும் கொடுத்தோமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். வல்ல இறைவன் நம் பெண்மக்களுக்கு ஆரோக்கியத்தையும், நமக்கு நல்லறிவையும் தருவானாக.